ஏழாம் எண் டப்பா

1. சென்ற ஆண்டு நவராத்திரியில், இரண்டு வார இறுதிகளில், பன்னிரண்டு வீடுகளுக்குக் கொலு பார்க்கப் போனேன். பன்னிரண்டு மஞ்சள் பொட்டலங்கள் கிடைத்தன.
2. பதினொன்றை நான்காம் மாடி அக்காவிடம் கொடுத்தேன்.
3. பிப்ரவரியில் அக்கா என்னை வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். காரணம் சொல்லவில்லை.
4. மே மாதம், நான் உறுப்பினராக இருக்கும் உணவுப் பாதுகாப்பு நிபுணர் குழுவுக்கு ஒரு கோப்பு வந்தது. பெயர் மறைக்கப்பட்ட ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம்.
5. கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு புகைப்படம். அதில் இருந்தது என் கையெழுத்து.
6. குழுவிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி.

ஜூன் மாதம், ட்ரெண்டனில் கூட்டம் முடிந்து ஜெர்சி சிட்டிக்குத் திரும்பும் ரயிலில் இதைக் கைபேசியில் தட்டினேன். எதையும் எண் போட்டு எழுதிவிட்டால் எனக்கு நிதானம் வந்துவிடும். அன்று வரவில்லை. நியூவார்க்கில் ரயில் மாற வேண்டும். மாறாமல் உட்கார்ந்தே இருந்து நியூயார்க் வரை போய்த் திரும்பி வந்தேன்.

நியூவார்க்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உணவில் கலந்துவிடும் உலோகங்களை அளப்பது என் வேலை. அரிசியில் ஆர்செனிக், மசாலாவில் ஈயம், இப்படி. மூன்று வருடத்துக்கு முன்னால் மாநிலத்தில் ஒரு நிபுணர் குழு அமைத்தபோது என் பேராசிரியர் என் பெயரை அனுப்பினார். ஏழு பேர். அரசு ஊழியர் யாரும் கிடையாது, உணவுக் கம்பெனிக்காரர் யாரும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுவோம். ஒரு கேள்வியை எங்கள் முன் வைப்பார்கள். அபாயம் இருக்கிறதா, எங்கிருந்து வருகிறது, யாருக்கு அதிகம் என்று எங்களுக்குத் தெரிந்த அறிவியலை வைத்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்ன செய்வது என்பது அரசின் பாடு. ஏழு பேரில் நான்தான் வயதில் சிறியவள். வீட்டில் மஞ்சள் புழங்குகிறவளும் நான் ஒருத்திதான்.

சுயேச்சையான நிபுணர் என்றால் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எந்தக் கடைக்கும் எந்தப் பிராண்டுக்கும் ஆதரவாகவோ எதிராகவோ ஒரு வார்த்தை பேசக்கூடாது. மளிகைக் கடையில் தட்டில் வைத்து நீட்டும் முறுக்கைக்கூட வேண்டாம் என்று சொல்லிப் பழகினேன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு அங்கிள் என்னைச் சாப்பாட்டு வரிசையிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, எந்த மஞ்சத்தூள் சேஃப்? பேர மட்டும் சொல்லு, போதும்."

"பிராண்ட் பேர் நான் சொல்லக்கூடாது அங்கிள்."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"

"உங்க வாட்ஸப் குரூப்ல நானூறு பேர் இருக்காங்க அங்கிள்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்தார். "விடுங்க. டாக்டர்கிட்ட கேட்டா மருந்து தருவாங்க. இவகிட்ட கேட்டா ஃபார்ம் ஃபில் பண்ணச் சொல்லுவா."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த மேசைக்கு நான் தட்டோடு போனபோது, ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பனி எப்போது நிற்கும் என்று பேசத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் பேச்சு சாப்பாடுதான். அதைப் பேசத் தயங்க வைக்கிற ஒருத்தியை எத்தனை முறைதான் கூப்பிடுவார்கள்? கொலுவுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். கொலுவுக்கு எல்லோரையும் கூப்பிட வேண்டும்.

அக்கா அப்படி இல்லை. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் லாண்டரி அறையில்தான் முதலில் பார்த்தேன். என் துணி துவைத்து முடிந்து வெகுநேரமாக மெஷினிலேயே கிடந்திருக்கிறது. நான் இறங்கிப் போனபோது அதை எடுத்து உலர்த்தி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர் துணியைத் தொடுவது இங்கே சண்டைக்கு உரிய காரியம்.

"ஏங்கண்ணு, ஒத்தையாளா இருக்கறயா?" என்றார். "துணியப் பாத்தாலே தெரியுது. ஒரு துண்டு, ஒரு தலகாணி உறை."

பொள்ளாச்சிக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கில் ஒரு வங்கியில் கணவரும் மனைவியும் கான்ட்ராக்டில் ஐ.டி. வேலை. அப்போது பாப்பாவுக்கு ஒரு வயது. நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பாலும் சீரியலும் சாப்பிடுகிறேன் என்று தெரிந்ததும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெம்பப் பெரிய படிப்புப் படிச்சு இதத்தான் கண்டுபுடிச்சயா? வெள்ளிக்கெழமை வா. சோறு திங்கலாம்."

ஒரு வருடத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் போயின. சாப்பிட்ட கடனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அக்காவின் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் வெள்ளை நாடா ஒட்டி, பெயரும் எண்ணும் எழுதினேன். இருபத்திரண்டு டப்பாக்கள். பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். உப்பு மூன்று. மஞ்சள் ஏழு; பழைய காபித்தூள் கண்ணாடி ஜாடி, சிவப்பு மூடி. அக்காவின் கணவர் அதை வைத்து என்னை ஓட்டாத வாரம் கிடையாது. தட்டில் இருந்து தலையை நிமிர்த்தி, "இன்னிக்கு ரசத்துல ஏழு கொஞ்சம் தூக்கல்" என்பார். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு, "செவன்! செவன்!" என்று கரண்டியால் மேசையைத் தட்டும். என்னைச் சித்தி என்று கூப்பிடும். "சித்தி, சிட் ஹியர்" என்று தன் நாற்காலிக்குப் பக்கத்தைக் காட்டும்.

நவராத்திரி முடிந்த திங்கட்கிழமை என் வீட்டு மேசையில் பன்னிரண்டு தாம்பூலப் பைகள் இருந்தன. பைகளில் வெற்றிலை, பழம், ஒரு சின்னப் பரிசு, பிறகு விரல் அகலப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் மஞ்சள்தூள், இன்னொன்றில் குங்குமம். மஞ்சளை என்ன செய்வது? குப்பையில் போடக்கூடாது. என் அம்மா அம்பத்தூரில் மீந்த மஞ்சளைக் கரைத்துச் செடிக்கு ஊற்றுவாள், வாசற்படியில் பூசுவாள். ஒன்பதாவது மாடியில் எனக்குச் செடியும் கிடையாது, பூசும்படியான வாசற்படியும் கிடையாது. அந்தத் தரைவிரிப்பில் எதைப் பூசுவது? கைபேசியில் 'அக்காவுக்கு' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் எழுதினேன்: தேங்காய் நான்கு, ரவிக்கைத் துணி மூன்று, மஞ்சள் பதினொன்று. கொண்டு போய்க் கொடுத்ததும் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

"எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? நான் சமைக்கிறதே இல்லை."

"குடு கண்ணு. மஞ்ச எந்தக் காலத்துல வீணாப் போயிருக்குது?"

பூஜைக்கு விற்கும் மஞ்சளில், நிறம் பளிச்சென்று இருப்பதற்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கப்படுவது உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் நானே அளந்திருக்கிறேன். ஆனால் அங்கே அளந்தது ஒரு சாம்பிள். அதற்கு ஓர் எண் உண்டு. இது கொலு வீட்டில் குங்குமம் இட்டுக்கொண்டு வாங்கி வந்தது. இரண்டும் ஒரே பொருள் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மற்றவர்களை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வெள்ளியன்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது: பாப்பாவுக்குச் சளி, அடுத்த வாரம் பார்க்கலாம். அடுத்த வாரம் ஆபீசில் வேலை. அதற்கு அடுத்த வாரம் நான் அனுப்பிய செய்திக்கு இரண்டு நீல டிக் மட்டும். லிஃப்டில் பார்த்தால் பாப்பாவின் ஜாக்கெட் ஜிப்பை இழுத்து விட்டுக்கொண்டே நான்காம் மாடி வரை குனிந்திருந்தார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று பட்டியல் போட்டேன். பாப்பாவின் பிறந்தநாளுக்குத் தாமதமாகப் போனேன். அக்காவின் புதுப் புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் ஒருமுறை போனேன். ஐந்து வரை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வந்து, லிஃப்டில் நாலு என்ற பொத்தானைப் பார்த்துக்கொண்டே ஒன்பதை அழுத்துவேன்.

மே மாதம் கோப்பு வந்தது. சாயங்காலம் சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்துப் படித்தேன். ஒரு குழந்தை, இரண்டு வயது. வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஈயம் அதிகம். வீட்டுச் சுவர்ப் பெயின்ட் சரி, குழாய்த் தண்ணீர் சரி. மஞ்சள் டப்பாவில் ஈயம். ஆனால் அந்த வீட்டில் வாங்கும் பிராண்டின் புதிய பாக்கெட்டைச் சோதித்தால் சுத்தமாக இருக்கிறது. கடையில் இருந்ததும் சுத்தம். பிராண்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், மாற்றியிருக்கிறார்கள், அதுவும் சுத்தம். இரண்டாம் முறை எடுத்தபோது டப்பாவில் ஈயம் முன்னைவிட அதிகம். குழந்தையின் இரத்தத்தில் அளவு இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. மூடியின் சிவப்புப் பெயின்ட்டாக இருக்குமோ என்று யாரோ சந்தேகப்பட்டு டப்பாவைப் படம் எடுத்து ஒன்பதாம் பக்கத்தில் இணைத்திருந்தார்கள்.

கோப்பில் பெயர், முகவரி எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அடித்தவருக்குத் தமிழ் தெரியாது. ஜாடியில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவை அப்படியே விட்டிருந்தார். '7 – மஞ்சள்.' என் ஞகர வளைவு, என் ளகரச் சுழி.

பாப்பா. பிப்ரவரி. அக்கா ஏன் கூப்பிடவில்லை என்பது புரிந்தது. இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சுகாதாரத் துறை நர்ஸ் கொண்டு போகும் படிவம் எனக்கு மனப்பாடம். 'நீங்கள் வாங்கும் மசாலாக்கள் எவை, எங்கே வாங்குகிறீர்கள்' என்றுதான் அதில் கேட்போம். தாம்பூலத்தை யாரும் வாங்குவதில்லை. கடையில் அந்தப் பூஜை மஞ்சளின் பெரிய பாக்கெட்டில், சாப்பிட அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பிரித்துச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டும்போது அந்த எழுத்து கட்டுகிறவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. கைபேசியைத் திறந்து பழைய பட்டியலைப் பார்த்தேன். மஞ்சள் பதினொன்று, டிக்.

எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஐந்து மாடி. அக்கா தினமும் படுக்கப் போகும் முன் பாப்பாவுக்கு மஞ்சள் போட்டுப் பால் கொடுப்பார். டேகேரில் சேர்த்ததிலிருந்து சளி விடவே இல்லை என்பார். படியில் இறங்கினால் ஒரு நிமிடம். விதியோ தெளிவானது: கோப்பில் இருப்பவரைத் தெரியும் என்றால் உடனே தலைவரிடம் சொல்ல வேண்டும், அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கதவுவரை போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று தலைவருக்குப் போன் செய்தேன்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், பேச்சில் அவசரமே தெரியாத அமெரிக்க அம்மையார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இப்போது எங்கே நிற்கிறீர்கள்?" என்றார்.

"என் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில்."

"செருப்பைக் கழற்றுங்கள்."

"குழந்தை இன்றைக்கும் அதையே குடிக்கும்."

"குடிக்காது. சுகாதாரத் துறைக்கு இந்த நிமிடமே பேசுகிறேன். மஞ்சள் எந்த ரூபத்திலும் வேண்டாம் என்று இன்றே அவர்களுக்குப் போன் போகும். உங்கள் வாயால் போனால், அவர்கள் வீட்டு விஷயம் மாடிக்கு மாடி தெரிகிறது என்றுதான் அந்தத் தாய் நினைப்பாள். அடுத்த முறை நர்ஸுக்குக் கதவு திறக்காது."

"நர்ஸ், வாங்காத மஞ்சளைப் பற்றிக் கேட்க வேண்டும்," என்றேன். பொட்டலங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "இது எப்படித் தெரியும்?" என்றார். "நானும் கொடுத்தேன்," என்றேன். அதையும் எழுதிக்கொள்வது கேட்டது.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. மதியம் ஒன்பதாவது மாடி ஜன்னல் வழியாக, ஒரு பெண் காரை நிறுத்திவிட்டுத் தோள்பையோடு எங்கள் கட்டடத்துக்குள் நுழைவதைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது கையில் ஒரு பழுப்புக் காகிதப் பை கூடுதலாக இருந்தது. என் ஏழாம் எண் டப்பா அதற்குள் போகிறது என்று தெரிந்தும், கீழே ஒரு வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியாமல், ஜன்னலிலேயே நின்றேன்.

ஜூன் கூட்டத்துக்கு முன்னால் படிவம் நிரப்ப வேண்டும். பங்குகள் உண்டா, சம்பளம் உண்டா, ஆராய்ச்சி நிதி உண்டா, உறவினர் உண்டா என்று கட்டங்கள். எல்லாவற்றிலும் இல்லை என்று எழுதினேன். கடைசியில் 'மற்றவை'. அதில் எழுதினேன்: இந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட்டிருக்கிறேன். சந்தேகத்துக்குரிய பொருளில் ஒரு பகுதி நான் கொடுத்ததாக இருக்கலாம்.

அந்த ஒரு கேள்விக்கு என்னை உறுப்பினர் நாற்காலியிலிருந்து எடுத்து, மேசையின் மறுமுனையில், விவரம் சொல்ல வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டாவது பொட்டலத்தை மேசையில் வைத்தேன். ஒரு கொலு வீட்டில் பையில் போடாமல் கையில் கொடுத்தது, குளிர்காலக் கோட்டின் பையில் தங்கிவிட்டிருந்தது.

"யாருடைய சாம்பிள்?" என்று தலைவர் பதிவுக்காகக் கேட்டார்.

"என்னுடையது."

புள்ளியியல்காரர் ஒருவர் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வேண்டாமென்றால் தூக்கி எறிந்துவிடலாமே?"

"எறியக் கூடாது."

"சட்டமா?"

"இல்லை. மஞ்சள் நல்ல காரியத்துக்கு உரியது. கொடுப்பவர்கள் நல்லது நினைத்துக் கொடுப்பது. குப்பையில் போட எங்கள் யாருக்கும் கை வராது. எனக்கும் வராது."

"ஆனால் குழந்தைக்குப் பாலில் போடக் கை வரும்?" என்றார். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் சிப்ஸ் மெஷினுக்கு எதிரே ஒரு பெஞ்சு. இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் ஆறு குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. அக்காவின் வீடும் மூடியிருந்தது, இந்த அறையும் மூடியிருந்தது. இரண்டையும் நானே வெளியிலிருந்து சாத்தியதுபோல இருந்தது.

ஜூலையில் பொட்டலத்தின் முடிவு வந்தது. ஈயம் இருந்தது, நிறையவே. செப்டம்பரில் குழுவின் அறிக்கை இணையத்தில் வெளியானது. உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இந்த விஷயத்தில் விலகியிருந்தார் என்று கீழே ஒரு வரி.

அந்த வாரச் சனிக்கிழமை காலை லாண்டரி அறையில் இருந்தேன். அக்கா கூடையோடு உள்ளே வந்தார். திரும்பிப் போகவில்லை. பக்கத்து மெஷினில் துணியைப் போட்டார்.

"உன்ற பேர வெப்சைட்டுல பாத்தேன்," என்றார். "பக்கத்துல ஸ்டார் போட்டிருக்குது. நல்லாப் படிச்ச புள்ளைக்குப் போடறாப்பல."

நான் என் துணியை மெஷினில் திணித்தேன்.

"மே மாசம் அந்த நர்ஸம்மா வந்தா. உக்காரக்கூட இல்ல. 'நீங்க வாங்காத மஞ்ச ஏதாச்சும் இருக்குதா? விசேஷத்துக்குப் போனா சின்னச் சின்ன பாக்கெட்டுல குடுப்பாங்களாமே'ங்கறா. வெள்ளக்காரி! பூஜை ட்ராயரக் கையக் காட்டிக் கேக்கறா. அப்பவே தெரிஞ்சுது எனக்கு, இந்தக் கேள்வி ஒம்பதாவது மாடியில இருந்து எறங்கி வருதுன்னு."

"அதைப் பத்தி நான் பேசக்கூடாதுக்கா."

"பேசாத. யாரு உன்னப் பேசச் சொன்னா? ஏழு மாசமாப் பேசாம இருந்தவதான நீ."

"நீங்கதான கூப்பிடலை."

அக்கா பாப்பாவின் ஒரு சட்டையை எடுத்து, அழுக்குச் சட்டையை, மடித்தார். பிறகு அதைப் பிரித்து மெஷினில் போட்டார். "எப்படிக் கூப்படறது? உன்ற வேலையே ஈயம். என்ற புள்ள ரத்தத்துல ஈயம்னு உன்னக் கூப்புட்டுச் சோறு போட்டுச் சொல்லட்டுமா? நீ வாயால ஒண்ணும் சொல்ல மாட்ட. மனசுக்குள்ள லிஸ்டுப் போடுவ. என்ற சமையக்கட்ட அப்படி ஒரு ஆளு பாக்கறத என்னால தாங்க முடியாது கண்ணு."

அது உண்மை. போட்டிருப்பேன்.

கோப்பில் பார்த்ததைத்தான் பேசக்கூடாது. என் பொட்டலம் என்னுடையது. "அக்கா, நவராத்திரிக்கு எனக்கு வந்த பன்னெண்டுல ஒண்ணு கோட்டுலயே இருந்துடுச்சு. அதை டெஸ்ட் பண்ணாங்க. அதுல இருந்துது."

மெஷினுக்குள் தண்ணீர் ஏறும் சத்தம். "மிச்சம் பதினொண்ணு?" என்றார்.

"உங்ககிட்டக் குடுத்தேன்."

"அப்ப ஒண்ண நீ வெச்சுக்கிட்டுப் பதினொண்ண எனக்குக் குடுத்துட்ட."

அவர் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"எனக்கு வந்தது பதினாலு," என்றார் மெதுவாக. "உன்றது பதினொண்ணு. எல்லாம் ஒரே ட்ராயர்லதான் கெடந்துது. அப்பப்ப ஒண்ணு ரெண்டு டப்பாவுல கொட்டுவேன். கடைல வாங்குனது ஆகாதுன்னு சொன்னாங்களா, அப்புறம் நாலு நல்ல வீட்டுல குடுத்தது சுத்தமா இருக்கும்னு மிச்சம் இருந்த அத்தனையும் கொட்டி வெச்சு, அதையே பால்ல போட்டுக் குடுத்தேன். என்ற கையால. புள்ள வேண்டாம், வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பும். மூக்கப் புடிச்சு ஊத்துவேன்." நிறுத்தினார். "அதுல உன்றது எது, என்றது எதுன்னு சொல்ற மெஷினு ஏதாச்சும் உன்ற லேப்ல இருக்குதா?"

"இல்லக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுவரை போனார். "நீ ஒட்டுன நம்பரு எல்லாத்தையும் பிச்சுட்டேன். அவரு மட்டும் இன்னும் பழக்கத்துல ஏழுங்கறாரு. சொல்லிட்டுச் சட்டுனு வாய மூடிக்கறாரு. போச்சாது போ, உடு."

அக்காவின் மெஷின் முடிந்தபோது அவர் இன்னும் கீழே வந்திருக்கவில்லை. அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். துணியை எடுத்து உலர்த்தியில் போட்டேன். மடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, மடிக்காமல் வந்துவிட்டேன்.

இந்த ஆண்டு நவராத்திரிக்கு மூன்று வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் பொடிக்குப் பதில் ஒரு மஞ்சள் கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். "ஸ்டேட்ல இருந்து நோட்டீஸ் வந்துதாம், குரூப்ல போட்டிருந்தாங்க," என்றார் அந்த வீட்டு ஆன்ட்டி, நான் யார் என்று தெரியாமல். மற்ற இரண்டு வீட்டிலும் அதே பொட்டலம்தான். சமையலில் போட வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னேன். "நாங்க என்ன இதைச் சமையல்லயா போடுவோம்?" என்று அந்த அம்மாள் கோபித்துக்கொண்டார். ஒருவேளை அவர் போடாமலும் இருக்கலாம்.

இப்போது நவம்பர். நிலவரம் இதுதான். நர்ஸ்கள் கொண்டு போகும் படிவத்தில், வாங்காத மஞ்சளைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கப்பட்டிருக்கிறது. நான் இன்னும் குழுவில் இருக்கிறேன். அடுத்த கூட்டம் அரிசியைப் பற்றியது. சென்ற மாதம் அக்கா ஒரு படம் அனுப்பினார்: பாப்பாவின் புதிய பரிசோதனை முடிவு, பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்து. அளவு இறங்கியிருக்கிறது; இன்னும் இறங்க வேண்டும். கீழே ஒன்றும் எழுதவில்லை. நன்றிக்கா என்று பதில் அனுப்பினேன். லிஃப்டில் பார்த்தால் இருவரும் பேசுகிறோம், பாப்பா என் கையைப் பிடித்துக்கொள்கிறது, நான்காம் மாடியில் அவர்கள் இறங்குகிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு இதுவரை அழைப்பு வரவில்லை. இந்த ஆண்டு வந்த இரண்டு பொட்டலங்களும் என் சமையல் மேடையில், ஒரு டம்ளரில் நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.